மண்ணுக்குள் பாதி ஆண்டு: பார்த்தீனியத்தைத் தின்னும் மெக்சிகன் வண்டு

மழைக்காலத்தின் நடுவில் பெங்களூரைச் சுற்றியுள்ள காலி மனைகளிலும் ஏரிக்கரைகளிலும் நடந்தால் ஒரு வேறுபாடு கண்ணில் படும். ஒரு மனையில் பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்து பொடிப்பொடியாக வெள்ளைப் பூ பூத்து நிற்கும். பக்கத்து மனையில் அதே செடி இலையெல்லாம் இழந்து தண்டும் நரம்புமாக நிற்கும். களைக்கொல்லி அடித்த கருகல் அங்கே இருக்காது. மிச்சமிருக்கும் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் நீள்வட்ட முட்டைகள் ஒட்டியிருக்கும். கொழுந்துக்குள் தலையைப் புதைத்தபடி மஞ்சள் புழு ஒன்று மேய்ந்துகொண்டிருக்கும். சற்று மேலே, வெளிர் முதுகில் பழுப்புக் கோடுகள் நெளியும் வண்டு உட்கார்ந்திருக்கும்.

இதன் அறிவியல் பெயர் சைகோகிரம்மா பைகலரேட்டா. நம் வேளாண் துறையினர் மெக்சிகன் வண்டு என்பார்கள். பார்த்தீனியத்தை ஒழிக்க மெக்சிகோவிலிருந்து வரவழைக்கப்பட்ட இந்தப் பூச்சி வேலை செய்கிறதா இல்லையா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பெங்களூர்க்காரர், 'செடியை மொட்டையடித்துவிட்டது' என்பார். வேறு ஊரில், 'ஒரு டப்பா கொண்டுவந்து விட்டோம், எங்கே போனதென்றே தெரியவில்லை' என்பார்கள். இரண்டும் உண்மைதான். வண்டு எவ்வளவு தின்னும் என்று அளந்த ஆய்வுகள் நிறைய உண்டு. ஆனால் அதன் வெற்றியையும் தோல்வியையும் விளக்குவது, அது எதையும் தின்னாமல் மண்ணுக்குள் கிடக்கும் மாதங்கள்தான் என்பது என் வாதம்.

முதலில் வண்டின் உருவம். கிரைசோமெலிடே எனப்படும் இலைவண்டுக் குடும்பத்தில் 35,000க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. இலையைத் தின்பதே அவற்றில் பெரும்பாலானவற்றின் பிழைப்பு. பூசணிக் கொடியைச் சல்லடையாக்கும் சிவப்பு வண்டும் இந்தக் குடும்பம்தான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உருளைக்கிழங்கு விவசாயிகளைக் கதறவைத்த கொலராடோ வண்டு இன்னும் நெருங்கிய சொந்தம். குடும்பத்துக்குள் ஒரே கிளையைச் சேர்ந்தது. ஆகவே மெக்சிகன் வண்டின் பங்காளிகளில் பயிரை அழிப்பவர்களும் உண்டு. பின்னால் வரப்போகும் ஒரு சச்சரவுக்கு இந்தச் செய்தி தேவைப்படும்.

1953இல் அமெரிக்கப் பூச்சியியலாளர் பாலிஸ்டர் இந்த இனத்துக்குப் பெயரிட்டார். வளர்ந்த வண்டு சுமார் 6 மில்லிமீட்டர் நீளம் இருக்கும்; பெண் சற்றே பெரிது. தலையும் அதை ஒட்டிய மார்புக் கவசமும் பழுப்பு. முதுகை மூடியிருக்கும் கெட்டியான முன்னிறக்கைகள் மங்கிய வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். அவற்றின் மேல் நீளவாக்கில் ஓடும் பழுப்புக் கோடுகள் நேராக இல்லாமல் நெளிந்திருக்கும். சில இடங்களில் அகன்றும் சில இடங்களில் குறுகியும் போகும். முன்னிறக்கைக்கு அடியில் மடிந்திருக்கும் மெல்லிய இறக்கைகள்தாம் பறப்பதற்கு. பூதக்கண்ணாடி இருந்தால் காலைப் பார்க்கலாம். பாதத்தில் நான்கு கணுக்கள் இருப்பதாகத் தோன்றும், உண்மையில் ஐந்து. நான்காவது மிகச் சிறியதாகி, இரண்டாகப் பிளந்த மூன்றாவது கணுவின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த அகன்ற மூன்றாவது கணுவின் அடியில் அடர்ந்த நுண்மயிர்கள் உண்டு. காற்றில் ஆடும் இலையின் அடிப்பக்கம் தலைகீழாக நடக்க இந்த மயிர்கள்தாம் உதவுகின்றன. இலைவண்டுகளுக்கெல்லாம் பொதுவான கால் இது.

இதைப் பொறிவண்டு என்று நினைத்துவிடுகிறவர்கள் உண்டு. உருண்டையான முதுகு ஏமாற்றும்தான். பொறிவண்டின் உணர்கொம்பு குட்டை, முனை தடித்தது, வெளியே எளிதில் தெரியாது. இலைவண்டின் உணர்கொம்பு பதினொரு கணுக்களோடு தெளிவாக நீண்டிருக்கும். இந்தக் குழப்பத்தால் பெரிய கேடு இல்லை. கத்தரி இலையைச் சுரண்டும் புள்ளி வண்டோடு இதைக் குழப்பிக்கொண்டு மருந்தடிப்பதுதான் கேடு.

பெண் வண்டு இலையின் அடிப்பக்கத்தில் தனித்தனியாகவோ சிறு கொத்தாகவோ முட்டையிடும். தண்டிலும் பூமொட்டிலும்கூட இடுவதுண்டு. இட்டபோது வெளிர் மஞ்சளாக இருக்கும் முட்டை நாளாக ஆக ஆரஞ்சாகும். 4 முதல் 7 நாளில் பொரியும். சூழல் வாய்த்தால் ஒரு பெண் தன் வாழ்நாளில் இடும் முட்டைகள் ஆயிரத்தைத் தாண்டும்.

பொரித்து வரும் புழு உடனே இலைப்பரப்பில் மேயப் போவதில்லை. செடியின் உச்சிக் கொழுந்துக்கும் இலைக்கக்க மொட்டுகளுக்கும் ஊர்ந்து போய் அங்கேதான் முதலில் வாய்வைக்கும். வண்டின் வாழ்வில் மிகக் கூர்ந்து பார்க்க வேண்டிய கட்டம் இது. முழு வளர்ச்சி பெற்ற வண்டு இலையைத் தின்பது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். படம் எடுப்பவர்களும் அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் இலை போனால் செடி வேறு இலை விடும். கொழுந்தும் மொட்டும் போனால் செடி உயரவும் முடியாது, பூக்கவும் முடியாது. ஓராண்டுச் செடியான பார்த்தீனியம் விதையால் மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. ஆகவே மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும் இந்தச் சின்னப் புழு செய்யும் சேதம், வண்டு செய்யும் சேதத்தைவிடச் செடியின் வம்சத்துக்கு நெருக்கமானது.

புழு நான்கு பருவங்களாக வளரும். ஒவ்வொரு பருவத்தின் இடையிலும் தோல் உரிக்கும். பின் பருவங்களில் இலைக்கு மாறும். முதுகு கூன்போல வளைந்து, தலை கருத்து, உடல் சதைப்பற்றோடு இருக்கும். 10 முதல் 15 நாள் இப்படித் தின்றபின் இரையெடுப்பதை நிறுத்திவிட்டுத் தண்டு வழியே இறங்கி மண்ணுக்குள் போகும். 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் சிறு அறை அமைத்து அங்கே கூட்டுப்புழுவாகும். 8 முதல் 12 நாள் கழித்து வண்டாக வெளிவரும். முட்டையிலிருந்து வண்டுவரை ஏறத்தாழ ஒரு மாதம். பெங்களூரின் மழைக்காலத்தில் மூன்று நான்கு தலைமுறைகள் வந்துபோக இது போதும்.

இதுவரை சொன்னது எந்த இலைவண்டுக்கும் சிற்சில மாற்றங்களோடு பொருந்தும். இனிமேல்தான் இதன் தனிக்கணக்கு.

மழை முடியும்போது பார்த்தீனியம் காயத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் வளர்ந்த வண்டு மீண்டும் மண்ணுக்குள் போகிறது. இந்த முறை முட்டையிடவும் இல்லை, தின்னவும் இல்லை. உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, உயிர்ச்செயல்களை அடிமட்டத்துக்கு இறக்கி, இனப்பெருக்க உறுப்புகளை நிறுத்திவைத்து, மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். இதைப் பூச்சியியலில் உறக்கநிலை என்பார்கள். பெங்களூரில் நடந்த ஆய்வுகளின்படி நவம்பர், டிசம்பரில் வண்டுக் கூட்டம் அனேகமாக முழுவதும் மண்ணுக்குள் போய்விடுகிறது. மே, ஜூனில் மழை விழுந்து மண் நனையும்போது எழுந்து வருகிறது. ஒரு மாதத்தில் வளர்ந்துவிடும் இந்தப் பூச்சி ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருப்பது இப்படித்தான். வாழ்நாளில் ஏறத்தாழ பாதி மண்ணுக்குள்ளேயே போய்விடுகிறது.

இதைவிட வியப்பான ஒன்று உண்டு. எல்லா வண்டுகளும் ஒரே நேரத்தில் உறங்கப் போவதில்லை. ஜூலை மாதம், இலை தழைத்துக் கிடக்கும்போதே, ஒரு பகுதி மண்ணுக்குள் போகத் தொடங்கிவிடுகிறது. தின்ன இலை இருக்கிறது, முட்டையிட இடம் இருக்கிறது. ஏன் போக வேண்டும்? வடக்கு மெக்சிகோவின் வறண்ட நிலங்களை நினைத்தால் இதற்கு ஒரு நியாயம் புலப்படுகிறது. மழை எப்போது பொய்க்கும் என்று தெரியாத நாட்டில் எல்லோரும் முட்டையிட்டுக்கொண்டிருந்தால், திடீரென வறட்சி வந்தால் கூட்டமே அழிந்துபோகும். சிலர் முன்கூட்டியே ஒதுங்கிவிட்டால் அடுத்த ஆண்டுக்கு விதை மிஞ்சும். பூச்சிக்கு நல்ல ஏற்பாடு. களையை ஒழிக்க அதை அழைத்து வந்த மனிதருக்கு அது அத்தனை நல்ல ஏற்பாடு இல்லை. நமக்கு வண்டு மிகவும் தேவைப்படும் மாதத்திலேயே அதில் ஒரு பங்கு விடுப்பில் போய்விடுகிறது.

செடியின் கணக்கு நேரெதிரானது. பார்த்தீனியத்துக்கு மாதமும் கிடையாது, பட்டமும் கிடையாது. ஈரம் இருந்தால் போதும். முளைத்து நான்கு முதல் ஆறு வாரத்தில் பூக்கும். ஒரு நல்ல செடி 15,000 முதல் 25,000 விதைவரை உதிர்க்கும். விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். சாக்கடையோரமும் பாசன வாய்க்காலும் இருக்கும் இடத்தில் கோடையிலும் பச்சையாக நிற்கும். மெக்சிகோ வளைகுடாவைச் சுற்றிய நிலங்களைச் சேர்ந்த இந்தச் செடி 1955இல் புனேயில் கவனிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு அறிவியல் இதழில் பதிவானது. அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 திட்டத்தில் வந்த கோதுமையோடு வந்தது என்பது ஊரறிந்த கதை. 'காங்கிரஸ் புல்' என்ற பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். அந்தத் திட்டத்தின்கீழ் இந்தியா முதல் ஒப்பந்தம் போட்டது 1956 ஆகஸ்டில். செடி அதற்கு முன்பே புனேயில் நின்றிருக்கிறது. கோதுமைக் கப்பலில் வந்திருக்கலாம், ஆனால் எந்தக் கப்பல் என்பதில் இவ்வளவு உறுதியாகப் பேச இடமில்லை. இலங்கையில் 1999இல் வவுனியாவில் இது பதிவானது. இந்திய அமைதிப் படையோடு வந்த ஆடுகள் வழியாக வந்தது என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. ஒவ்வொரு நாடும் தன் பார்த்தீனியத்துக்கு ஒரு படையையோ கப்பலையோ காரணமாக்கி வைத்திருக்கிறது.

செடியில் உள்ள பார்த்தெனின் என்ற வேதிப்பொருள் தோலில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். பூந்தூள் மூக்கில் ஏறினால் தும்மலும் மூச்சிரைப்பும். கால்நடைகள் பெரும்பாலும் தொடாது. பசியால் தொட்டால் பாலே கசக்கும். அருகில் வேறு செடிகளையும் வளரவிடாது. தன் நாட்டில் இது இவ்வளவு ஆட்டம் போடாததற்கு ஒரு காரணம், அங்கே இதைத் தின்ன பல பூச்சிகளும் பூஞ்சைகளும் இருப்பது. எதிரியைப் பின்னால் விட்டுவிட்டு வந்த செடிக்கு அந்த எதிரியையே வரவழைப்பது என்ற யோசனை இங்கிருந்துதான் வந்தது.

ஆஸ்திரேலியா முந்திக்கொண்டது. குயின்ஸ்லாந்தின் மேய்ச்சல் நிலங்களில் பார்த்தீனியம் பரவியதால் 1980இல் மெக்சிகோவிலிருந்து இந்த வண்டைக் கொண்டுபோய் விட்டார்கள். பத்தாண்டு காலம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில்தான் வண்டு பெருகிச் செடியை மொட்டையடிக்கத் தொடங்கியது. திட்டத்துக்குப் பணம் கொடுக்கும் எந்த அரசுக்கும் பத்தாண்டு பொறுமை பெரிய சோதனைதான்.

இந்தியாவுக்கு வண்டு 1983இல் வந்தது. பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் கே. பி. ஜயந்த் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தனிமைப்படுத்தி வளர்த்துச் சோதித்தார்கள். சோதனையின் கேள்வி ஒன்றே ஒன்று: பார்த்தீனியம் கிடைக்காவிட்டால் இது வேறு எதைத் தின்னும்? பல குடும்பங்களைச் சேர்ந்த பயிர்களையும் செடிகளையும் கூண்டுக்குள் வைத்துப் பார்த்தார்கள். வண்டு தேர்ச்சி பெற்றது. 1984இல் திறந்த வெளியில் விடப்பட்டது. சோதனை வெறும் சடங்கு இல்லை என்பதற்கு இன்னொரு பூச்சியின் கதை சாட்சி. ஆஸ்திரேலியாவில் பார்த்தீனியத் தண்டைத் துளைத்து நன்றாக வேலை செய்த எபிபிளீமா என்ற அந்துப்பூச்சியையும் இங்கே கொண்டுவந்து பார்த்தார்கள். அது பேயெள்ளுச் செடியிலும் வளர்ந்து முடித்தது. பேயெள்ளு இங்கே மலையோர ஏழை விவசாயிகளின் எண்ணெய் வித்து. அந்துப்பூச்சி அத்தோடு கைவிடப்பட்டது. ஆஸ்திரேலியாவில் பேயெள்ளு யாருக்கும் முக்கியமில்லாததால் அங்கே அது தப்பியது. ஒரு பூச்சி நல்லதா கெட்டதா என்பதை அந்த நாட்டின் வயல்தான் தீர்மானிக்கிறது.

பெங்களூரில் விட்டபின் சில ஆண்டுகள் அமைதி. 1988 முதல் பெரிய அளவில் இலையழிவு தெரியத் தொடங்கியது. செடிக்கு ஒரு வண்டு என்ற அளவில் இருந்தாலே சில வாரங்களில் இலைகள் நரம்பாகிவிடுவதாகப் பதிவு செய்தார்கள். பார்த்தீனியம் மட்டுமே இருந்த இடங்களில் ஒடுங்கிக் கிடந்த வேறு செடிகளும் புற்களும் மீண்டும் தலைகாட்டின.

இந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1991இல் கர்நாடகத்தில் சூரியகாந்தி இலையை மெக்சிகன் வண்டு தின்கிறது என்ற செய்தி கிளம்பியது. 1986இல் எண்ணெய் வித்துத் தொழில்நுட்ப இயக்கம் தொடங்கியிருந்த காலம் அது. சூரியகாந்தி அந்த மாநிலத்தில் பரபரப்பாகப் பரவிக்கொண்டிருந்தது. பார்த்தீனியமும் சூரியகாந்தியும் ஒரே குடும்பம். வண்டோ கொலராடோ வண்டின் பங்காளி. விவசாயிக்குப் பயம் வந்ததில் அநியாயம் ஒன்றுமில்லை. வண்டை விடுவது நிறுத்திவைக்கப்பட்டது. விசாரணைக் குழு அமைந்தது. பத்தாண்டின் பெரும்பகுதி இந்தச் சர்ச்சையிலேயே கழிந்தது.

விடை வந்தது பூந்தூளிலிருந்து. 1993இல் ஜயந்தும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வின்படி, சூரியகாந்தி இலையில் பார்த்தீனியப் பூந்தூள் படிந்திருந்தால்தான் வண்டு அதைத் தின்றது. பூத்துக் குலுங்கும் பார்த்தீனியத்தின் நடுவே இருக்கும் வயலில் இலை முழுதும் அந்தத் தூள் படிகிறது. வண்டுக்கு இலையின் வடிவம் ஒரு பொருட்டல்ல. வாயில் படும் வேதிச் சுவைதான் இது என் செடியா என்று சொல்கிறது. பார்த்தீனியத்தைத் தின்று தீர்த்துவிட்ட கூட்டம், பட்டினியில், தன் செடியின் சுவையுள்ள வேறு இலையைக் கடித்துப் பார்த்தது. சூரியகாந்தியில் அது தலைமுறை தலைமுறையாகக் குடியேறிவிடவில்லை. அதன்பின் வந்த ஆண்டுகளில் சூரியகாந்தியின் பூச்சிப் பட்டியலில் இது ஒரு பெரிய பெயராகவும் ஆகவில்லை.

இந்த விவகாரத்தில் எனக்கு உறுத்துவது வேறு. பார்த்தீனியப் பூந்தூள் பக்கத்துப் பயிர்களின் இலையிலும் சூல்முடியிலும் படிந்து அவற்றைப் பாதிக்கிறது என்று 1980இலேயே பெங்களூரின் தாவரவியலாளர்கள் எழுதிவிட்டார்கள். அதே ஊர், சில ஆண்டு இடைவெளி. கூண்டுக்குள் வைத்த சூரியகாந்தி இலை சுத்தமாக இருந்தது. வயலில் இருந்த இலை சுத்தமாக இல்லை. செடியைப் படித்தவர்களும் பூச்சியைப் படித்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வி 1983இலேயே எழுந்திருக்கலாம். அரசு நிறுத்திவைத்ததைக் குறைசொல்ல மாட்டேன். பயிர் உண்பதாகப் புகார் வந்த பூச்சியை விசாரிக்காமல் விட்டிருந்தால் இந்தியாவில் எந்த உயிரியல் கட்டுப்பாட்டுத் திட்டத்தையும் விவசாயி நம்பியிருக்க மாட்டார்.

மனிதர் சர்ச்சையில் இருந்தபோது வண்டு பரவிக்கொண்டுதான் இருந்தது. இந்தியாவிலிருந்து பாகிஸ்தானின் பஞ்சாபுக்கும் நேபாளத்துக்கும் யாரும் அனுப்பாமலே போய்ச் சேர்ந்தது. அனுமதி, தடை, எல்லை எதுவும் ஒரு முறை வெளியே விட்டபின் செல்லாது என்பது இந்த முறையின் அடிப்படை அபாயம். சோதனை முன்கூட்டியே கடுமையாக இருக்க வேண்டியதும் அதனால்தான்.

மண்ணுக்கு வருகிறேன். இந்த வண்டின் பேரினத்தைச் சேர்ந்த சைகோகிரம்மா சூச்சுராலிஸ் வட அமெரிக்கப் பூச்சி. ராக்வீட் என்ற களையைத் தின்பது. பார்த்தீனியத்தைப் போலவே ஒவ்வாமை உண்டாக்கும் களை அது. 1978இல் சோவியத் நாடு இந்த வண்டைக் காகசஸ் மலைக்கு வடக்கே ஸ்தாவ்ரபோல் பகுதியில் விட்டது. சில ஆண்டுகளில் அது பெருகிய விதம் உயிரியலாளர்களை மலைக்க வைத்தது. விட்ட இடத்திலிருந்து வட்டமாக ஓர் அலை கிளம்பியது. அலையின் விளிம்பில் வண்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு முன்னால் இருக்கும் களையை முழுக்கத் தின்று நகர்ந்தன. ஆனால் அந்த வெற்றி கலப்பை படாத நிலத்தில்தான் நிலைத்தது. பயிர்ச்சுழற்சி நடக்கும் வயல்களில் வண்டின் அடர்த்தி குறைவாகவே இருந்தது. இந்த ஆண்டு களை நிற்கும் வயல் அடுத்த ஆண்டு உழப்பட்டு வேறு பயிருக்குப் போகிறது. களையின் விதை மண்ணில் பொறுத்திருக்கும். மண்ணிலிருந்து எழும் வண்டு புதுச் செடியைத் தேடிப் போக வேண்டும். ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்க வேண்டிய கூட்டம் களையை எட்டிப் பிடிக்கவே முடியவில்லை.

நம் வண்டுக்கும் அதே விதிதான். கூட்டுப்புழுக் காலமும் உறக்கக் காலமும் மேல்மண்ணில், பதினைந்து சென்டிமீட்டருக்குள். நம் ஊர்களில் பார்த்தீனியம் நிற்கும் இடங்களில் அந்த மண்ணுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். வயலில் கோடை உழவு. புறம்போக்கில் பொக்லைன் வைத்துச் செடியோடு மேல்மண்ணையும் வழித்தெடுத்துச் சாலையோரத்தில் குவிப்பது. மனை வணிகர் நிலத்தைச் சமன் செய்வது. குப்பையோடு சேர்த்துத் தீ வைப்பது. செடியை அகற்றிவிட்டதாகக் கணக்கு எழுதிக்கொள்ளலாம். விதை இன்னொரு இடத்தில் முளைக்கும், வண்டு முளைக்காது. பெங்களூரைச் சுற்றிப் பல ஆண்டு வேலிபோட்டுச் சும்மா கிடந்த மனைகளும் நிறுவன வளாகங்களும் வண்டுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன்.

அடுத்தது நாள்காட்டி. பெங்களூருக்கு மே இறுதி முதல் அக்டோபர்வரை விட்டுவிட்டு மழை உண்டு. வண்டு விழித்திருக்கும் காலமும் ஏறத்தாழ அதுவே. ஓசூர், கிருஷ்ணகிரி மேட்டு நிலங்களுக்கு இது பொருந்தும். தமிழ்நாட்டின் கிழக்குச் சமவெளிக்குப் பொருந்தாது. அங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். பார்த்தீனியம் கூட்டமாக முளைப்பது அந்த மழைக்குப் பின். வண்டு உறங்கப் போகும் மாதங்களும் அவைதாம். பசியோடு வண்டு எழும் ஜூனில் அங்கே செடி காய்ந்து கிடக்கும். செடி தழைக்கும் மார்கழியில் வண்டு மண்ணுக்குள். ஒரு பூச்சிக் கூட்டம் தன் உறக்கக் கணக்கைப் புது ஊரின் மழைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள முடியும், தலைமுறைகள் பல கழிந்தால். விட்ட மறு ஆண்டே எதிர்பார்ப்பது நியாயமில்லை. பெங்களூரில் நடந்தது மற்ற ஊரில் நடக்கவில்லையே என்ற புகாருக்கு, வண்டின் தரத்தில் காரணம் தேடுவதைவிட மழைப் பதிவேட்டில் தேடுவது பலன் தரும்.

வண்டுக்கு இங்கே எதிரிகளும் உண்டு. புழுவின் உடலில் அலகைச் செருகி உறிஞ்சும் நாற்றப்பூச்சிகள் வயலில் உலவுகின்றன. ஆனால் அவற்றால் கூட்டம் சரிந்ததாகச் சொல்ல முடியாது. அவற்றைவிடப் பெரிய எதிரி நம் கையில் இருக்கும் தெளிப்பான். வண்டை விட்ட இடத்திலேயே களைக்கொல்லியும் அடித்தால், புழு நான்காம் பருவத்தை எட்டுவதற்குள் அதன் சோறு பறிபோகிறது.

ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்குநரகம் வண்டுகளை வளர்த்து நாடு முழுதும் கொடுத்து வருகிறது. ஆகஸ்டில் பார்த்தீனிய விழிப்புணர்வு வாரமும் நடத்துகிறார்கள். வண்டு ஏற்கெனவே நிலைத்த இடத்திலிருந்து எவரும் சேகரிக்கலாம். தொட்டால் காலை மடக்கிக்கொண்டு கீழே விழுந்துவிடும் என்பதால் செடிக்கு அடியில் ஒரு குடையையோ துணியையோ விரித்துத் தட்டுவது நல்லது. காற்றுத் துளையிட்ட டப்பாவில் பார்த்தீனியக் கிளையோடு போட்டு, வெயிலில் வைக்காமல் எடுத்துப் போகலாம். கையுறை அவசியம், வண்டுக்காக இல்லை, செடிக்காக. விடும் நேரம் முதல் மழை கழிந்து செடி இன்னும் இளசாக, தரையோடு படர்ந்த இலை வட்டமாக இருக்கும்போது. பூத்து முற்றிய செடியில் விட்டால் வண்டு இலையைத் தின்னும், விதையோ உதிர்ந்துவிடும். விட்ட நிலத்தில் குறைந்தது மூன்று நான்கு ஆண்டு உழவோ மண் வழிப்போ கூடாது. இத்தனையும் ஒப்புக்கொள்ளும் நிலம் கோயில் நிலம், கல்லூரி வளாகம், ரயில்வே ஓரம், ஏரிக்கரை என்று தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியா ஒரு பூச்சியோடு நிறுத்தவில்லை. ஒன்பது பூச்சி இனங்களும் இரண்டு துரு நோய்ப் பூஞ்சைகளும் அங்கே பார்த்தீனியத்தின் மேல் ஏவப்பட்டிருக்கின்றன. ஒன்று இலையை, ஒன்று தண்டை, ஒன்று வேரை, ஒன்று விதையைத் தாக்கும். ஒன்று உறங்கும்போது இன்னொன்று விழித்திருக்கும். தென்னாப்பிரிக்காவும் மெக்சிகன் வண்டோடு தண்டு துளைக்கும் கூன்வண்டையும் விதை தின்னும் கூன்வண்டையும் சேர்த்தே விட்டிருக்கிறது. விதை தின்னும் அந்தக் கூன்வண்டை இந்தியாவும் 1983இல் மெக்சிகன் வண்டோடு வரவழைத்தது. அது ஆய்வகத்தில் பெருகவில்லை. பூச்சிகளில் வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டு இங்கே நிலைத்தது இந்த ஒற்றை வண்டுதான். அது எழாத மாதங்களில் பார்த்தீனியத்தின் விதையைத் தொட இங்கே ஆளில்லை.